பெல்ற் அடிக்கடி அறுகிறதா? காரணத்தைக் கண்டுபிடிப்போம்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் மா அரைக்கும் மில், மிளகாய்த்தூள் அரைக்கும் மெசின், நெல்லுக் குத்தும் மில், லான்ட் மாஸ்ரர் என்று ஏதோவோர் இயந்திரத்தை நம்பிக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். 2009 ஆம் ஆண்டு யுத்தம் முடிந்து, முகாம்களிலிருந்து மீளக்குடியமர்ந்த பின்னர் வாழ்வாதார உதவியாகக் கிடைத்த இயந்திரங்கள் சில. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகக் குழுவாகப் பெற்றவை சில. நகையை அடகு வைத்தும் கடன்பட்டும் வாங்கியவை சில. எப்படி வந்திருந்தாலும் அது ஓடினால்தான் அன்றைய வருமானம். அது நின்றால் பிள்ளையின் ரியூசன் காசும் நிற்கும், கிழமைக் கடனுக்கு எடுத்து வைக்கும் காசும் நிற்கும்.

வீட்டுத் தரிசிப்புகளுக்குப் போகும்போது நாம் அதிகம் கேட்கும் முறைப்பாடு, "பெல்ற் அறுந்து போச்சு" என்பது. அதனோடு சேர்ந்து இன்னொரு வசனமும் வரும்: "போன மாதம்தான் புதுசு போட்டனாங்கள், திரும்பவும் அறுந்திட்டுது." இந்த இரண்டாவது வசனத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். சரியான அளவில், சரியான இறுக்கத்தில், நேராகப் பொருத்தப்பட்ட பெல்ற் ஒரு மாதத்தில் அறுந்து போவதில்லை. அப்படி அறுகிறதென்றால் அதை அறுக்கிற ஏதோவொன்று இயந்திரத்தில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் பெல்றை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது, காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் பனடோல் மட்டும் விழுங்குவது போன்றது.

இந்தக் காரணங்களில் அநேகமானவற்றைக் கண்ணாலும் காதாலும் மூக்காலும் விரலாலும் நாமே கண்டுபிடிக்கலாம். அதற்கு ஒரு நூற்கயிறும் இரண்டு மூன்று ஸ்பனர் சாவிகளும் போதும்.

தையல் மெசினிலிருந்து தொடங்குவோம்

"எங்களுக்கு மெசின் வேலை தெரியாது" என்று சொல்லும் சகோதரிகளிடம் ஒரு கேள்வி. காலால் மிதிக்கும் தையல் மெசினின் தோல் வார் தளர்ந்து வழுக்கினால் என்ன செய்வீர்கள்? வாரைக் கழற்றி, ஒரு துண்டு வெட்டி, துளை போட்டு, கம்பிக் கொக்கியால் திரும்பப் பூட்டுவீர்கள். யாரும் உங்களுக்கு வகுப்பு வைத்துச் சொல்லித் தந்ததில்லை. அம்மா செய்ததைப் பார்த்துச் செய்தீர்கள். பெல்ற் என்றால் என்ன, தளர்ந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கு ஏற்கனவே தெரியும் என்பதே இதன் பொருள்.

மில்லிலும் லான்ட் மாஸ்ரரிலும் இருப்பது அதே வேலையைச் செய்யும் 'வீ பெல்ற்'. குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருக்கும். அது ஓடும் கப்பியிலும் அதே வடிவத்தில் பள்ளம் இருக்கும். விறகு பிளக்கும்போது ஆப்பு எப்படி இரண்டு பக்கமும் இறுகுகிறதோ, அப்படித்தான் இந்தப் பெல்றும் பள்ளத்துக்குள் இறங்கித் தன் இரு பக்கச் சுவர்களாலும் கப்பியைப் பிடிக்கிறது. பெல்றின் அடிப்பாகம் பள்ளத்தின் அடியில் தொடக்கூடாது. அடியில் தொட்டால் பக்கங்கள் பிடிக்காது, வழுக்கும். பின்னால் சொல்லப்படும் எல்லாமே இந்த ஒரு விடயத்திலிருந்து வருவதால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தையல் மெசின் வாருக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. வீ பெல்றின் உள்ளே, இறப்பருக்குள் மறைந்து, நூல் வடங்கள் ஓடுகின்றன. இழுவையைத் தாங்குவது அந்த வடங்கள்தான். ஆகவே இதை வெட்டிச் சுருக்க முடியாது, அறுந்ததை முடிந்து போடவும் முடியாது. 1990 இலிருந்து பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனங்கள் நாங்கள். இல்லாததை வைத்து ஒப்பேற்றுவது எங்கள் கையோடு வந்த பழக்கம். ஆனால் வீ பெல்ற் விடயத்தில் அந்தக் கெட்டித்தனம் உதவாது.

தொடுவதற்கு முன்

பெல்ற் ஓடிக்கொண்டிருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் கையைக் கிட்டக் கொண்டு போகக்கூடாது. விரலை ஒரு கணத்தில் கப்பிக்குள் இழுத்துவிடும்.

மின்மோட்டர் என்றால் ஆளியை நிறுத்தினால் மட்டும் போதாது. பிளக்கைக் கழற்றுங்கள், அல்லது பிரதான ஆளியை நிறுத்திவிட்டு ஒருவரைப் பக்கத்தில் நிற்க வையுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் வேலை செய்தாலும் இதைச் செய்ய வேண்டும், ஏனெனில் கரண்ட் திரும்ப வரும்போது சொல்லிவிட்டு வராது. டீசல் எஞ்சின் என்றால் நிறுத்திவிட்டு, சுழலும் சில்லு முழுதாக நிற்கும்வரை பொறுத்திருங்கள்.

கூந்தலை இறுக்கி முடிந்து துணியால் கட்டுங்கள். சேலைத் தலைப்பையும் சோலையும் இடுப்பில் செருகுவதைவிட, சட்டையோடு நிற்பது நல்லது. தாலிக்கொடி, சங்கிலி, காப்பு இவற்றைக் கழற்றியோ உள்ளே மறைத்தோ வையுங்கள். ஓடும் பெல்றின் மேல் எப்போதும் ஒரு மூடி இருக்க வேண்டும். தகரமாகவோ கம்பி வலையாகவோ கிராமத்து ஒட்டு வேலைக்காரரே செய்து தருவார். "அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கு" என்று மூடியை மூலையில் போட்டு வைத்திருக்கும் மில்கள் பல. சிறுபிள்ளைகள் அம்மாவைத் தேடி மில்லுக்குள் ஓடி வரும் இடத்தில் மூடியில்லாமல் மெசினை ஓட்டவே கூடாது.

யுத்தத்தில் காயப்பட்ட சகோதரிகள் எங்களிடையே இருக்கிறார்கள். ஒரு கை இயலாதவர், உடம்பில் செல் துண்டோடு வாழ்பவர், பாரம் தூக்க முடியாதவர் என்று பலர். பெல்ற் மாற்றும் வேலையை இருவராகச் செய்வதை வழக்கமாக்குங்கள். ஒருவர் மோட்டரைத் தள்ளிப் பிடிக்க மற்றவர் சுரையை இறுக்கலாம். பலம் குறைந்தவர் நூல் பிடித்து நேர் பார்க்கலாம், கொப்பியில் எழுதலாம். இது இருவர் செய்தால் இலகுவாக முடியும் வேலை.

பெல்ற் காட்டும் அறிகுறிகள்

அறுந்த பெல்றை எறிந்துவிடாதீர்கள். மருத்துவர் நாக்கையும் கண்ணையும் பார்ப்பது போல, பழைய பெல்றைப் பார்த்து இயந்திரத்தின் வருத்தத்தைச் சொல்லலாம்.

1. தொடங்கும்போது "கீ…" என்று கத்துகிறதா? பெல்ற் தளர்ந்திருக்கிறது, அல்லது தொடங்கும்போதே பாரம் கூட. வாளியில் நெல்லையோ அரிசியையோ கொட்டிவிட்டு மெசினைத் தொடக்கக்கூடாது. வெறுமனே ஓடவிட்டு, வேகம் பிடித்த பின்னர் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நிறுத்தும்போதும் உள்ளே இருப்பது அரைபட்டு முடிந்த பின்னரே நிறுத்துங்கள்.

2. இறப்பர் எரியும் மணம் வருகிறதா? பெல்றின் பக்கங்கள் கண்ணாடி போல மினுங்குகிறதா? வழுக்கி வழுக்கிச் சூடாகிவிட்டது. இப்படி மினுங்கத் தொடங்கிய பெல்றை இறுக்கினாலும் முன்போல் பிடிக்காது. காரணத்தைத் திருத்திவிட்டுப் பெல்றை மாற்ற வேண்டும்.

3. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா? கீழே கறுப்புத் தூள் கொட்டிக் கிடக்கிறதா? இரண்டு கப்பிகளும் ஒரே நேரில் இல்லை. பெல்ற் சரிந்து ஓடுகிறது.

4. பெல்ற் புரண்டு ஓடுகிறதா, கழன்று விழுகிறதா? நேர் பிழைத்திருக்கலாம், அல்லது மிகவும் தளர்ந்திருக்கலாம். கப்பிப் பள்ளத்தில் கல், வைக்கோல், காய்ந்த சேறு இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒருமுறை புரண்ட பெல்றின் உள் வடம் சேதப்பட்டிருக்கும். திருப்பிப் போட்டால் சிலநாள் ஓடும், பின்னர் மீண்டும் புரளும்.

5. உள்பக்கத்தில் குறுக்கு வெடிப்புகள் இருக்கின்றனவா? நெடுநாள் ஓடியிருந்தால் அது முதுமை. புதிய பெல்றிலேயே வெடித்தால், சூடு கூட, அல்லது மோட்டரில் உள்ள கப்பி அந்தப் பெல்றுக்கு மிகச் சிறியது.

6. பெல்ற் ஊதிப் பெருத்து, பிசுபிசுக்கிறதா? ஒயில், டீசல் அல்லது கிரீஸ் பட்டிருக்கிறது. எங்கிருந்து ஒழுகுகிறதென்று பார்த்து முதலில் அதை நிறுத்துங்கள்.

7. நல்ல பெல்ற் ஒரே அடியாகப் படாரென்று அறுந்ததா? அரைக்கும் பொருளோடு கல்லோ ஆணியோ போய் மெசின் திடீரென்று இறுகியிருக்கலாம். மிளகாயையும் குரக்கனையும் புடைத்துப் பார்த்துப் போடுவது பெல்றையும் காப்பாற்றும். இன்னொரு காரணம், பொருத்தும்போதே உள் வடம் முறிக்கப்பட்டது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

8. பெல்ற் பள்ளத்துக்குள் ஆழமாக இறங்கிக் கிடக்கிறதா? பள்ளத்தின் அடி மினுங்குகிறதா? பெல்ற் தேய்ந்து மெலிந்துவிட்டது, அல்லது கப்பிப் பள்ளம் தேய்ந்து அகன்றுவிட்டது, அல்லது பிழையான அளவில் வாங்கியிருக்கிறீர்கள். நல்ல பெல்றின் மேல்பக்கம் கப்பியின் விளிம்போடு ஏறக்குறையச் சமமாக நிற்கும்.

நூற்கயிற்றால் நேர் பார்த்தல்

வேலி அடைக்கும்போது கதியாலை நேர் பார்க்கக் கயிறு பிடிப்போம் அல்லவா? அதே முறைதான் இதற்கும்.

இரண்டு கப்பிகளின் வெளிப்பக்க முகத்திலும் படும்படி ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். முதற் கப்பியின் இரு விளிம்புகளிலும், இரண்டாம் கப்பியின் இரு விளிம்புகளிலுமாக நான்கு இடத்தில் நூல் தொட வேண்டும். மூன்று இடத்தில் தொட்டு நாலாவதில் இடைவெளி இருந்தால் ஒரு கப்பி திரும்பியிருக்கிறது. ஒரு கப்பியில் இரு விளிம்பும் தொட்டு, மற்றதில் ஒன்றுமே தொடாவிட்டால் அது உள்ளே தள்ளியிருக்கிறது. இரண்டு கப்பிகளின் விளிம்புத் தடிப்பும் வேறாக இருந்தால், நூலிலிருந்து பள்ளம்வரை உள்ள தூரத்தை அடிமட்டத்தால் அளந்து ஒப்பிடுங்கள்.

மோட்டரின் அடியில் உள்ள சுரைகளைத் தளர்த்தி மோட்டரை மெல்லத் திருப்பியோ, கப்பியைத் தண்டில் சற்று நகர்த்தியோ சரி செய்யலாம். சுரையை இறுக்கிய பின்னர் மறுபடியும் நூல் பிடித்துப் பாருங்கள். இறுக்கும்போது மோட்டர் நகர்ந்துவிடுவது சாதாரணம்.

எவ்வளவு இறுக்கம் சரி?

தளர்ந்தால் வழுக்கும் என்ற பயத்தில் பலர் பெல்றை வீணை நரம்பு போல இறுக்கிவிடுகிறார்கள். அப்படி இறுக்கினால் பெல்றை விட விலை கூடிய பெயாரிங்தான் முதலில் போகும். மோட்டரும் சூடாகும்.

பொதுவான கணக்கு இது: இரண்டு கப்பிகளுக்கும் இடையே பெல்ற் தாங்கலில்லாமல் நிற்கும் தூரம் 1 மீற்றர் என்றால், நடுவில் பெருவிரலால் ஓரளவு பலமாக அழுத்தும்போது பெல்ற் ஏறத்தாழ 16 மில்லிமீற்றர் இறங்க வேண்டும். தூரம் 60 சென்ரிமீற்றர் என்றால் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர். சின்னவிரல் நகத்தின் அகலம் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். இதைவிடக் கூட இறங்கினால் தளர்வு. விரலுக்கு அசையவே மாட்டேன் என்று நின்றால் கூடிய இறுக்கம்.

புதிய பெல்ற் முதல் நாள் ஓட்டத்தில் பள்ளத்துக்குள் படிந்து, சற்று இளகும். ஆகவே போட்ட அன்று மாலையில் ஒருமுறையும், மறுநாள் ஒருமுறையும் அழுத்திப் பார்த்து இறுக்க வேண்டும். "புதுப் பெல்ற் ஒரு கிழமையில் எரிஞ்சு போச்சு" என்ற முறைப்பாட்டின் பின்னால் அநேகமாக இருப்பது இந்த இரண்டாவது இறுக்கத்தைச் செய்யாமல் விட்டதுதான்.

கழற்றுவதும் போடுவதும்

பெல்றைத் திருகாணிச் செலுத்தியால் நெம்பி, கப்பியைச் சுற்றி இழுத்து ஏற்றுவது பல திருத்துநர்களும் செய்யும் வேலை. விரைவாக முடியும், ஆனால் நெம்பும்போது உள்வடம் முறிந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. சில நாட்களில் படாரென்று அறும்.

சரியான முறை இதுதான். மோட்டரின் அடிச்சுரைகளைத் தளர்த்துங்கள். மோட்டரை மில்லின் பக்கமாக நகர்த்துங்கள். பழைய பெல்ற் தானாகக் கையோடு வரும். கப்பிப் பள்ளத்தை உலர்ந்த துணியால் துடைத்து, விரலால் தடவி வெட்டு, பிசிர் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய பெல்றைக் கையாலேயே போட்டு, மோட்டரைப் பின்னால் இழுத்து, நேர் பார்த்து, இறுக்கம் பார்த்து, சுரையைப் பூட்டுங்கள்.

பெல்றைக் கழற்றிய அந்த நேரத்தில் செய்ய வேண்டிய மிகப் பயனுள்ள ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு கப்பிகளையும் தனித்தனியே கையால் சுழற்றிப் பாருங்கள். சத்தமில்லாமல் மெதுவாகச் சுழன்று நிற்க வேண்டும். கரகரவென்று மணல் அரைபடுவது போலக் கேட்டாலும், சுழல மறுத்தாலும், பிடித்து ஆட்டும்போது ஆடினாலும் பெயாரிங் போய்விட்டது என்று அர்த்தம். சுழலாத கப்பியின் மேல் எத்தனை புதுப் பெல்ற் போட்டாலும் எரிந்துகொண்டே இருக்கும்.

கனடாவில் இருக்கும் எங்கள் உறவுகளைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார்கள். அங்கே வீட்டு முற்றத்துப் புல்லை வெட்ட ஏறியிருந்து ஓட்டும் சிறிய வண்டிகள் இருக்கின்றன. அதன் அடியில் வெட்டும் கத்திகளைச் சுழற்றுவதும் பல கப்பிகளைச் சுற்றி ஓடும் ஒரு நீளப் பெல்ற்தான். மூடிக்குள் புல் அடைந்தும், நடுக் கப்பியின் பெயாரிங் இறுகியும், பெல்ற் கழன்றும் எரிந்தும் போவது அங்கும் வழமையான பிரச்சினை. அவர்களுக்கும் தரப்படும் முதல் ஆலோசனை, பெல்றைக் கழற்றி ஒவ்வொரு கப்பியையும் கையால் சுழற்றிப் பார் என்பதே.

லான்ட் மாஸ்ரர் வைத்திருப்பவர்களுக்கு

இரு சில்லு உழவு இயந்திரத்தை எந்தக் கம்பனி செய்திருந்தாலும் நாங்கள் 'லான்ட் மாஸ்ரர்' என்றே சொல்கிறோம். அது முன்னர் இலங்கைக்கு வந்த ஓர் ஆங்கிலேயக் கம்பனி இயந்திரத்தின் பெயர். இன்று வயல்களில் நிற்பவை பெரும்பாலும் குபோட்டாவும் சீன இயந்திரங்களும். இவற்றில் எஞ்சின் கப்பியிலிருந்து கியர்ப் பெட்டியின் பெரிய கப்பிக்குப் பெரும்பாலும் மூன்று பெல்ற்கள் பக்கம் பக்கமாக ஓடும்.

காலபோக உழவில் சேற்றுக்குள் இறங்கும்போது, கப்பிப் பள்ளங்களில் சேறு ஏறி வழுக்கும். வேலை முடிந்ததும் பள்ளங்களைக் குச்சியால் சுரண்டிக் கழுவிக் காயவிடுங்கள். சூடு மிதிப்புக்கும் நெல்லு ஏற்றவும் பாவித்த பின்னர் வைக்கோல் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள்.

பாரம் இழுக்கும்போது மெசின் சத்தம் போடுகிறது, சில்லு மட்டும் நகரவில்லை என்றால் பெல்ற் வழுக்குகிறதா, கிளச் வழுக்குகிறதா என்ற சந்தேகம் வரும். தள்ளி நின்று பெரிய கப்பியைப் பாருங்கள். எஞ்சின் வேகமாக ஓட, பெரிய கப்பி தயங்கித் தயங்கிச் சுழன்றால் குறை பெல்றில். பெரிய கப்பி வேகமாகச் சுழன்றும் வண்டி நகராவிட்டால் கிளச்சில். கிளச் என்றால் திருத்துநரிடம் போக வேண்டும். பெல்ற் என்றால் எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சுரைகளைத் தளர்த்தி, எஞ்சினைக் கியர்ப் பெட்டியிலிருந்து விலக்கித் தள்ளி, நேர் பார்த்து இறுக்கலாம்.

மூன்றில் ஒன்று அறுந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுவது மிச்சம் பிடிப்பதாகத் தோன்றும். புதியது நீளத்தில் சற்றுக் குறைவாகவும், பழையவை இளகி நீண்டும் இருக்கும். முழுப் பாரமும் புதியதன் மேல் விழும், அதுவும் விரைவில் அறும். மூன்றையும் ஒரே நேரத்தில், ஒரே கம்பனியில், ஒரே இலக்கத்தில் மாற்றுங்கள். கழற்றியவற்றில் நல்லதை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடையில் ஏமாறாமல் வாங்க

பெல்றின் முதுகில் ஓர் எழுத்தும் இலக்கமும் அச்சிட்டிருக்கும். எழுத்து பருமனைச் சொல்லும். 'ஏ' என்றால் மேல் அகலம் 13 மில்லிமீற்றர், 'பி' என்றால் 17, 'சி' என்றால் 22. அடுத்து வரும் இலக்கம் உள்சுற்று நீளம், அங்குலத்தில். 'பி 55' என்றால் 17 மில்லிமீற்றர் அகலமும் 55 அங்குல உள்நீளமும் கொண்ட பெல்ற்.

இலக்கம் அழிந்திருந்தால், பழைய பெல்றின் உள்பக்கத்தைச் சுற்றி நூலை வைத்து அளந்து, அடிமட்டத்தால் மேல் அகலத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பழைய பெல்றையும் கையில் கொண்டு போவது இன்னும் நல்லது. கடைக்காரர் "இது கொஞ்சம் நீளம், ஆனால் சரிவரும்" என்றால் நீளம் ஓரளவு கூடிக் குறைவதை மோட்டரை நகர்த்திச் சமாளிக்கலாம். எழுத்து மாறினால் ஏற்காதீர்கள். 'பி' பள்ளத்தில் 'ஏ' பெல்ற் போட்டால் அடியில் இறங்கிப்போய் வழுக்கும்.

வேகமாக அரைக்க வேண்டுமென்று கப்பியை மாற்றச் சொல்பவர்களும் உண்டு. நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டரில் 4 அங்குலக் கப்பியும், மில்லில் 8 அங்குலக் கப்பியும் இருந்தால் மில் 720 சுற்று ஓடும். மில்லின் கப்பியை 6 அங்குலமாக்கினால் 960 சுற்று. வேகம் கூடினால் மா அதிகம் சூடாகும், மோட்டர் தாங்காது, பெல்றும் வழுக்கும். மெசினோடு வந்த கப்பி அளவை மாற்ற வேண்டாம்.

அவசரத்துக்கு ஒரு பெல்றை வாங்கி வையுங்கள். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் டீசலுக்கு வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். உதிரிப்பாகமும் அப்போது இலகுவில் கிடைக்கவில்லை. வெயில் படாத இடத்தில், அகலமான தடியில் தொங்கவிடுங்கள். ஆணியில் மாட்டினால் அந்த இடத்தில் மடிந்துவிடும். மண்ணெண்ணெய்க் கலனுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

வழுக்கும் பெல்றுக்குச் சோப், மெழுகு, குங்கிலியம் பூசுவது தட்டைப் பெல்ற் காலத்துப் பழக்கம். வீ பெல்றுக்கு எதுவும் பூசக்கூடாது. பூசியது ஒருநாள் பிடிக்கும், மறுநாள் தூசியோடு கட்டியாகிப் பள்ளத்தை அடைக்கும்.

ஏன் இதை நாம் படிக்க வேண்டும்?

திருத்துநரைக் கூப்பிட்டால் போகாதா என்று சிலர் கேட்கலாம். வசதியும் தூரமும் தடையாக இல்லாத இடத்தில் கூப்பிடலாம். ஆனால் எமது கிராமங்களின் நிலை வேறு. ஒட்டுசுட்டானுக்கோ நெடுங்கேணிக்கோ அப்பால் உள்ள ஒரு குடியிருப்பிலிருந்து நகரத்துக்குப் போய்வர ஒரு நாள் போய்விடும். திருத்துநர் "நாளைக்கு வாறன்" என்பார். நாளை என்பது மூன்று நாளாகும். அதற்குள் மா அரைக்க வந்தவர்கள் வேறு மில்லைப் பழகிவிடுவார்கள். கிழமைக் கடன் மட்டும் தவறாமல் வரும்.

இன்னொரு காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கணவனை இழந்த, அல்லது காணாமல் ஆக்கப்பட்ட கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் வீட்டுக்கு ஓர் ஆண் வேலைக்காக அடிக்கடி வந்து போனாலே கதை கட்டுவதற்கு ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கதைக்குப் பயந்து மெசினைச் சும்மா போட்டு வைத்திருக்கும் சகோதரிகளை நாம் சந்தித்திருக்கிறோம். சில இடங்களில் மெசின் பெண்ணின் பெயரில் இருக்கும், ஓட்டுவதும் காசு எடுப்பதும் உறவுக்கார ஆணாக இருப்பார். காரணம் கேட்டால், "பழுதானால் அவருக்குத்தானே தெரியும்" என்பார்கள். திருத்தத் தெரிந்தவர் கைக்கு மெசினும் மெல்ல மெல்லப் போய்விடுகிறது. வாழ்வாதார உதவி வழங்குபவர்கள் மெசினோடு இரண்டு நாள் திருத்தப் பயிற்சியையும் ஒரு சாவித் தொகுதியையும் தர வேண்டும் என்று கேட்பது எமது உரிமை.

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்பதில்லை. மின்கம்பி வேலை, மோட்டர் எரியும் மணம், பெயாரிங் மாற்றுதல், வெடித்த கப்பி, கிளச் ஆகியவற்றுக்குத் திருத்துநர் வேண்டும். ஆனால் அவர் வரும்போது "பெல்ற் அறுந்திட்டுது" என்று சொல்லி நிற்பதற்குப் பதிலாக, "ஒரு பக்கம் தேயுது, நேர் பார்த்தம், மில் பக்கப் பெயாரிங் கரகரக்குது" என்று சொல்லுங்கள். வேலையும் சுருங்கும், பில்லும் சுருங்கும்.

மில் கொப்பி

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஒரு பாடசாலைக் கொப்பியை எடுத்து மில்லில் கட்டித் தொங்கவிடுங்கள். பெல்ற் மாற்றிய திகதி, இலக்கம், விலை, பழைய பெல்ற் எப்படி இருந்தது, இரண்டாவது இறுக்கம் எப்போது செய்தது என்று எழுதுங்கள். குழுவாக நடத்தும் மில்லில் முறை மாறும்போது அடுத்தவர் அதைப் பார்த்துத் தொடரலாம். ஒரு வருடத்தில் அந்தக் கொப்பி உங்கள் மெசினின் வருத்தம் எங்கே என்று காட்டிவிடும்.

12 முதல் 19 வரையான ஸ்பனர் சாவிகள், ஓர் அடிமட்டம், ஒரு நூற்பந்து, ஒரு மேலதிகப் பெல்ற் ஆகியவற்றை மாதர் சங்கம் பொதுவில் வாங்கி வைத்தால், கிராமத்தில் உள்ள எல்லா மெசின்களுக்கும் பாவிக்கலாம். அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள். கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருவரின் மில்லுக்குப் போய், பிளக்கைக் கழற்றிவிட்டு, எல்லோரும் ஒருமுறை நூல் பிடித்துப் பாருங்கள்.